கயிற்றில் விட்டிருந்த இடம்

சுவரில் ஏதாவது படம் கீறித் தாருங்கள் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பாடசாலை விழாவுக்கு ஒரு மயிலாவது போடுங்கள் என்று அதிபர் கேட்டபோது, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். சித்திரம் படிப்பிக்கிறவளுக்கு ஏன் இந்தத் திமிர் என்று பின்னால் கதைத்திருப்பார்கள். கதைக்கட்டும். காரணத்தை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அப்போது போர்க்காலம். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் சித்திர ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்தாறு. ஒரு கல்யாணப் பேச்சு வந்து பாதியில் நின்றுபோயிருந்தது. அம்மா அழுதார். எனக்குப் பெரிய கவலை இல்லை, ஏனென்றால் என் மனம் முழுக்க ஒரு புத்தகத்தில் கிடந்தது. ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது நூலகத்தில் கையில் அகப்பட்ட தடித்த ஆங்கிலப் புத்தகம் அது. மெக்சிக்கோ நாட்டுச் சுவரோவியங்களைப் பற்றியது. படிப்பு முடிந்து ஊருக்கு வரும்போது அதைத் திருப்பிக் கொடுக்காமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். களவுதான், வேறு சொல் இல்லை.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். அந்த நாட்டில் பெரிய புரட்சி ஒன்று நடந்து முடிந்த பிறகு, எழுத வாசிக்கத் தெரியாத சனத்துக்காக ஓவியர்கள் சாரம் கட்டி அரச கட்டடங்களின் சுவர்களில் ஏறியிருக்கிறார்கள். சோளம் விதைக்கிறவன், கல் உடைக்கிறவன், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவள் எல்லாரையும் ஆளுயரத்துக்கு மேல் கீறி வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தில் சுரங்கத்திலிருந்து ஏறி வந்த தொழிலாளி இரண்டு கைகளையும் அகல விரித்து நிற்கிறான். இன்னொருவன் அவன் உடம்பைத் தடவிச் சோதனை போடுகிறான். அந்தப் பக்கத்தை எத்தனை தரம் பார்த்திருப்பேனோ தெரியாது. காலையில் பாடசாலைக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் எங்கள் ஆண்கள் அப்படித்தான் நின்றார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோன ஒன்றை, கடல்களுக்கு அப்பால் ஒருத்தன் வெட்கப்படாமல் சுவரில் கீறி வைத்திருந்தான்.

அங்கே சுவரைக் கொடுத்ததே அரசாங்கம்தான் என்பதும் புத்தகத்தில் இருந்தது. கடைசிப் பகுதியில், ஒரு முகம் பிடிக்காமல் போனதற்காக ஒரு சுவரையே கொத்தி எடுத்த கதையும் இருந்தது. அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டினேன். எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது என் பழைய பழக்கம்.

என் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் மீனவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அவர் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. சங்கத்தில் இருந்தவர்கள் கரைவலைக்காரர். கடலில் வளைத்துப் போட்ட வலையை நீளக் கயிறு பிடித்துக் கரையில் நின்று இழுக்கிறவர்கள். இராணுவ முகாம் வந்து கரைக்குக் கம்பிவேலி போட்ட நாளிலிருந்து, காலை எட்டு மணிக்குப் பிறகுதான் அவர்கள் கரையில் இறங்கலாம். மீன் கரைக்கு வருவதோ விடியற்காலையில். ஆறு மணிக்கு விடும்படி கேட்டு நான் ஐந்து கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

ஆறாவது கடிதம் எழுதச் சொல்லி வந்தவர்களிடம்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கடிதத்தைக் கிழிச்சுப் போடலாம். சுவரைக் கிழிக்க ஏலுமோ?" என்று கேட்டேன். சங்கக் கட்டடத்தின் நீளச் சுவர் துறைமுக வீதியைப் பார்த்து நின்றது. மூதூரிலிருந்து படகில் வந்து இறங்குகிறவர்கள், கிண்ணியாவிலிருந்து சாமான் ஏற்றி வருகிறவர்கள், முகாமுக்குப் போகிற வண்டிகள் எல்லாம் அந்தச் சுவரைக் கடந்துதான் போகவேண்டும். வலை இழுக்கிறவர்களை அதில் கீறுவோம், பார்க்கிறவன் பார்க்கட்டும் என்றேன். அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருவர் தன் தொந்தியைக் குறைத்துக் கீறவேண்டும் என்று சொன்னார். அதோடு எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். படம் கீறுவதற்கு முகாமில் அனுமதியும் எடுத்தோம்.

மெக்சிக்கோக்காரர் செய்த மாதிரியே செய்ய நினைத்தேன். கடலடி முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைக் குழைத்துச் சுவரில் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நிறத்தைத் தடவவேண்டும். காய்ந்தால் நிறம் சுவரோடு சேர்ந்துவிடும். அதனால் ஒரு நாளில் எவ்வளவு கீற முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூசலாம். எனக்கு அது ஒரு நாளைக்கு ஒரு முகமாக இருந்தது. காவி, கரி, வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலம், இவ்வளவும்தான் என்னிடம் இருந்த நிறங்கள். பிழை விட்டால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். சுண்ணாம்பு வாங்க எங்களிடம் இருந்த காசுக்கு அதெல்லாம் கட்டாது.

முதலில் கடற்கரைக்குப் போய், ஒரு பக்கக் கயிற்றில் நிற்கிறவர்களை மட்டும் கடதாசியில் கீறினேன். பத்துப் பேர். கயிற்றை இறுக்கிப் பிடித்துச் சாய்ந்து நின்றார்கள். நாலாவது ஆளுக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கிற அளவு வெறுமையாக இருந்தது. நெருங்கி நில்லுங்கள் என்று சத்தம் போட்டேன். ஒருவரும் அசையவில்லை.

"இதில ஆர் நிக்கிறது?"

"அது முன்னுக்கு நிக்கிறவர்ட மகன்ட இடம் ரீச்சர்" என்றார் பின்னால் நின்றவர். "சம்பூர்ப் பக்கம் போனவன், இன்னும் வரேல்ல. வருமட்டும் விட்டுத்தான் பிடிப்பம்."

அது அவர்களுடைய வழக்கம். வருத்தம் வந்து பாயில் கிடக்கிறவனோ, வெளியே போனவனோ, கயிற்றில் அவன் இடத்தை மூடமாட்டார்கள். மீன் பங்கு பிரிக்கும்போது அவன் பங்கு வீட்டுக்குப் போகும். இதை யாரும் பேசுவதில்லை. இடத்தை விட்டுவிட்டு இழுப்பார்கள், அவ்வளவுதான்.

நாலாவதாக நின்றவர்தான் தகப்பன். ஐம்பது வயதிருக்கும். பெரிய காதுகள். பேசும்போது கையில் ஒரு துண்டுக் கயிறாவது இருக்கவேண்டும் அவருக்கு. அன்றைக்கு எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து நின்றார்.

"ரீச்சர், அந்த இடத்தை அப்பிடியே விடுங்கோ. முகாமில குடும்பம் பதியேக்க ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் மட்டும்தான் எண்டு குடுத்தனாங்கள். அவனைப் பதிஞ்சா எங்கை எண்டு கேப்பினம். எனக்கே தெரியாது. நான் என்னத்தைச் சொல்லுறது?"

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். சம்பூர் அப்போது போராளிகளின் கையில் இருந்த பக்கம், அங்கே போய்த் திரும்பாதவனை முகாமில் போராளி என்றுதான் எடுப்பார்கள். மகனுக்கு என்ன நடந்தது என்று தெரியாத ஒரு தகப்பன், மகன் இருந்ததையே மறைத்து மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அந்த முகம் சுவரில் ஏறினால் அந்தக் குடும்பம் சொன்ன பொய் வெளியே வந்துவிடும். இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் சொன்ன பதில் இது: "வெறுமையா விட்டா, அண்ணை, எனக்குக் கீறத் தெரியாது எண்டுதான் பாக்கிறவை சொல்லுவினம்."

அவர் கயிற்றைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அந்த இடத்தைக் கடைசிக்கு விட்டுவிட்டுச் சுவரில் வேலை தொடங்கிய ஒன்பதாவது நாள் அவருடைய மனைவி வந்தார். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிற பெண். சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து என் கையில் வைத்தார். அடையாள அட்டைக்குப் பிடித்தது, நகமளவு. முகத்தில் பாதி மங்கிப்போயிருந்தது.

"அவன்ட இடத்தில அவனைக் கீறுங்கோ ரீச்சர். எனக்கு அவனை எங்கையாவது பாக்கவேணும்."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும். வேண்டாம் எண்டுதான் நிண்டவர். ரெண்டு நாள் நான் சாப்பிடேல்ல. பிறகு ஓம் எண்டிட்டார்."

அந்த இடத்திலாவது நான் மறுத்திருக்கலாம். பெற்ற தாயே கேட்கிறாள், நான் யார் தடுக்க என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோரு முகம், இடைவெளி இல்லாத ஒரே ஓட்டம். கடைசி நாள் அவனைக் கீறினேன். அந்த நகமளவு படத்தில் கண் எங்கே முடிகிறது, புருவம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பூச்சு காய்ந்துகொண்டு வந்தது. ஊகித்து முடித்தேன். தகப்பன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். தாய் வெகுநேரம் நின்றார். "நல்லாயிருக்கு" என்று சொன்னார். படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

திறப்பு விழாவுக்கு முகாம் அதிகாரியையும் அழைத்தோம். நாலு பேர் கூடுவதென்றாலே அவர்களுக்குச் சொல்லவேண்டிய காலம். இளவயதுக்காரர், தமிழ் ஓரளவு பேசுவார், சின்ன வயதில் தானும் படம் கீறியதாகச் சொன்னார். சுவருக்கு முன்னால் ஒவ்வொரு முகமாக நின்று நின்று பார்த்துக்கொண்டு போனார். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசச் சொன்னார்கள். மெக்சிக்கோவில் தொடங்கி எங்கள் கரையில் வந்து முடித்தேன். முடிக்கும்போது சொன்னேன், "இந்தச் சுவரில் கற்பனை முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் எங்களோடு வாழ்கிறவர்கள்." கைதட்டினார்கள். அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். என் பேச்சை ஒருவர் எழுதி வைக்கிறாரே என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த கிழமை முகாமிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஆறு மணிக்கே கரையில் இறங்கலாம். ஐந்து கடிதம் செய்யாததை ஒரு சுவர் செய்துவிட்டது. வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொட்டினார்கள். அம்மா ஒரு பெரிய பாரையைக் கழுவிக்கொண்டே, "உன்ட கீறலுக்கும் ஒரு மதிப்பு வந்திட்டுது" என்றார். அந்த ஒரு மாதம் போல நான் பிறகு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு சுவருக்கு முன்னால் வண்டிகள் நிற்கத் தொடங்கின. முதலில் படம் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது ஒரு சிப்பாய் தடியால் முகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவதைக் கண்டேன். உதடு அசைந்தது. எண்ணுகிறான். இன்னொரு நாள் வண்டிக்குள்ளிருந்து கமராவால் படம் பிடித்தார்கள். வலைக்காரர்கள் சங்கத்துக்கு வருவதைக் குறைத்தார்கள். தொந்தியைக் குறைக்கச் சொன்னவர் அந்தச் சுவரைக் கடக்கும்போது வீதியின் மற்றப் பக்கத்தால் நடந்தார். நான் தகப்பனிடம் போய், மகன்ட முகத்தைக் கொத்தி எடுக்கட்டா என்று கேட்டேன். "இனி எடுத்தா ஏன் எடுத்தது எண்டு கேப்பினம். விடுங்கோ" என்றார். அதுவும் சரிதான்.

பிறகு ஒரு மாலை துறைமுக வீதியில் ஒரு வெடிச்சத்தம். யாருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் சுற்றிவளைப்பு. நான் அப்போது வகுப்பில் இருந்தேன். ஒரு சிப்பாய் வந்து அதிபரிடம் ஏதோ சொன்னான். அதிபர் என் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வாங்கோ ரீச்சர்" என்றார்.

சங்கச் சுவருக்கு முன்னால் பத்துப் பேரும் நின்றார்கள். வீதிக்கு அந்தப் பக்கம் பெண்கள். அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்த கணவனுக்கு அதைக் கொண்டு ஓடிவந்த ஒருத்தியை மட்டும் அவர்கள் துரத்தவில்லை. அந்தத் தாய்தான். கணவனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றார்.

அதிகாரி என்னை மரியாதையாகத்தான் வரவேற்றார். "ரீச்சர், நான் இவங்களுக்குச் சொன்னது, படத்தில நிக்கிற மாதிரி நில்லுங்க எண்டு. பாருங்க, எவ்வளவு சரியா நிக்கிறாங்க."

பார்த்தேன். அவரவர் முகத்துக்குக் கீழே அவரவர் நின்றார்கள். கையில் கயிறு இல்லை. ஆனால் நாலாவது ஆளுக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு ஆள் அளவு இடம் விட்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் விடச் சொல்லவில்லை. பயத்தில் கால்கள் பழகிய இடத்தில் போய் நின்றுவிட்டன. அந்த வெற்றிடத்துக்கு நேர் மேலே நான் கீறிய பதினோராவது முகம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யார்?"

"கற்பனை" என்றேன். "அழகுக்காகச் சேர்த்தது."

அவர் கொப்பியை எடுத்துப் புரட்டினார். "ரீச்சர் அண்டைக்குப் பேசினது, கற்பனை முகம் ஒண்டுகூட இல்லை. நான் எழுதி வைச்சிருக்கிறேன்." கோபமே இல்லாத குரல். வரிசையைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப ரீச்சர் முகாமுக்கு வந்து சொல்லுங்க" என்றார்.

ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே உட்கார ஒரு வாங்கும், அதன் கீழே யாருடையதோ ஒற்றைச் செருப்பும் கிடந்தன. உள்ளே போனவர்கள் பலர் வெளியே வராத காலம் அது. என் கால்கள் நடந்தன. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தேன்.

"சேர், அது என்ட மகன்."

திரும்பினேன். தகப்பன் வரிசையை விட்டு வெளியே வந்து நின்றார். "ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது. படத்தைக் குடுத்து நான்தான் கீறச் சொன்னனான்." அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைப் போகச் சொன்னார்கள்.

அவர் திரும்பி வரவில்லை. மனைவி ஒவ்வொரு நாளும் முகாம் வாசலுக்குப் போனார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொன்னார்கள். பிறகு அந்த அதிகாரி மாறிப் போனார், புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாதாம். கரையில் இறங்கும் நேரம் மறுபடி எட்டு மணி ஆகியது. சுவரை வெள்ளையடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சங்கத்தில் ஒருவரும் கை வைக்க மாட்டோம் என்றார்கள். கீறினவள் நான்தானே, நானே வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

உச்சி வெயில். மரத்தடியில் இரண்டு சிப்பாய்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் மூன்று முகங்களை மூடிவிட்டு நாலாவதின் முன்னால் தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். அவருடைய மனைவி.

"பூசுங்கோ ரீச்சர். அவங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

பூசினேன். அந்தப் பெரிய காதுகள் இரண்டாம் தரம் பூசிய பிறகுதான் மறைந்தன.

"ரீச்சர், மகன்ட முகம் சரியா வரேல்ல" என்றார். "கண்ணும் வாயும் வேற ஆரின்டையோ. அண்டைக்கே கண்டனான். நீங்கள் கஷ்டப்பட்டுக் கீறினது எண்டு சொல்லேல்ல. இந்தப் படத்தை வைச்சு ஒருத்தராலயும் அவனைக் கண்டுபிடிச்சிருக்க ஏலாது. இவர் வாய் திறந்திருக்காட்டி ஒண்டும் இல்லை."

"எனக்காகத்தான் அண்ணை..." என்று தொடங்கினேன்.

"ஓம். அதைச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் ஜீப்பில கால் வைக்கேக்க இவர் வெளிக்கிட்டார். நான் பின்னால நிண்டு சேர்ட்டைப் பிடிச்சு இழுத்தனான். ரெண்டு தரம் இழுத்தனான். என்ட கையைத் தட்டிவிட்டிட்டுத்தான் போனவர். நீங்கள் போனாப் போகட்டும் எண்டுதான் இழுத்தனான் ரீச்சர். இதை உங்களிட்டச் சொல்லாமல் என்னால இருக்க ஏலாமக் கிடக்கு."

நானும் அப்போது சொல்லியிருக்கவேண்டும். படியில் ஒரு காலோடு நின்றபோது, பின்னால் அவர் குரல் கேட்டதும், பயத்துக்கு முன்னால், இரக்கத்துக்கு முன்னால், எனக்குள் வந்தது ஒரு பெரிய ஆறுதல். அப்பாடா என்றிருந்தது. காலைக் கீழே எடுத்தேன். அவர் ஏறுவதற்கு வசதியாக ஒதுங்கி நின்றேன். அவர் என்னைக் கடந்துபோனபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எங்கே மனம் மாறி இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்.

இந்தப் பெண் நடு வீதியில் நின்று தன் மனதில் இருந்ததை எனக்கு முன்னால் கொட்டிவிட்டார். நானும் வாயைத் திறந்தால் போதும்.

"பரவாயில்லை அக்கா" என்றேன். "அதை நான் மனசில வைச்சிருக்க மாட்டன்."

அவர் அழத் தொடங்கினார். என் சுண்ணாம்புக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் நல்ல மனிசி ரீச்சர்" என்றார்.

நான் மறுக்கவில்லை.